மின்வேதியியலிலும் ஒளிவினையூக்கத்திலும் பிஎச்டி செய்யப் போகிறவர்களுக்கு: சான்றிதழ் முதல் போஸ்ட்டாக் வரை

எம்எஸ்சி வேதியியல் முடிக்கப் போகிறீர்கள். தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது, சாயப்பட்டறைக் கழிவுநீரை வெளிச்சத்தால் சுத்தம் செய்வது, பேட்டரி, சூப்பர்கெப்பாசிட்டர் என்று மெட்டீரியல்ஸ் பக்கம் போக ஆசை. வழி சொல்ல வீட்டில் யாருமில்லை, கல்லூரியிலும் "முதலில் நெட் எழுது" (ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வு) என்பதற்கு மேல் யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் போன வழியில் பாதிச் சிரமம் அறிவியலால் வந்ததே இல்லை, முன்கூட்டி யாராவது சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய காகிதமும் காத்திருப்பும்தான். மீதிப் பாதி, மேசையில் வரும் எண்களை எப்போது நம்பலாம் எப்போது நம்பக்கூடாது என்பது. இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. எம்எஸ்சி கடைசி செமஸ்டரிலேயே சான்றிதழ்களைச் சரிசெய்யுங்கள்

முதலில் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பட்டச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறு என்று நம்மில் பலருக்கு நான்கு இடத்தில் நான்கு விதமாக இருக்கும். நெட் விண்ணப்பத்தில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தால், உதவித்தொகைக்குச் சேரும் நாளில் அலுவலகத்தில் நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். ஆதாரை மாற்றுவது எளிது, பட்டச் சான்றிதழை மாற்றுவது மிகவும் கஷ்டம், அதனால் பட்டம் அச்சாகும் முன்பே பெயர்ப் பட்டியலைப் பாருங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பிசி, எம்பிசி என்று தமிழ்நாட்டு அரசு தந்த சான்றிதழ் கையில் இருக்கிறது, அது போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கும் நெட் தேர்வுக்கும் அது போதாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று கை மாறி வரும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் "உங்கள் அப்பா சம்பளம் வரம்பைத் தாண்டுகிறது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர் பதவியைப் பொறுத்துத் தனி விதி உண்டு, அதையும் பார்த்துக்கொண்டு போங்கள். சான்றிதழ் எந்த நிதியாண்டில் வாங்கியிருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு அறிவிப்பிலும் எழுதியிருக்கும், அந்த ஒரு வரியைத் தவறாமல் படியுங்கள்.

இவை தவிர புரொவிஷனல் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், டிசி, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போவதானால் மைக்ரேஷன், சிஜிபிஏ மதிப்பெண் என்றால் சதவீதமாக மாற்றிய கடிதம். பிஎச்டிக்குப் பொதுவாக எம்எஸ்சியில் 55 சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு.

2. எந்தத் தேர்வு?

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் வழக்கமாக வருடத்துக்கு இரண்டு தடவை. வேதியியல் தாளுக்கு 3 மணி நேரம், 200 மதிப்பெண். ஏ பகுதியில் 20 கேள்வியில் 15, பி பகுதியில் 40-இல் 35, சி பகுதியில் 60-இல் 25 எழுதினால் போதும். சி பகுதியில் கேள்விக்கு 4 மதிப்பெண், அந்த 100 மதிப்பெண்தான் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) யாருக்கு என்று முடிவு செய்கிறது. தவறான விடைக்குக் கால் பங்கு போகும். மின்வேதியியலில் ஆசை இருக்கிறவர்கள் பிசிக்கல் கெமிஸ்ட்ரியை மட்டும் பிடித்துக்கொள்வார்கள், அது ஆபத்து. கனிம வேதியியலில் ஸ்பெக்ட்ராவும் ஆர்கனோமெட்டாலிக்கும் குறைந்த நேரத்தில் அதிக மதிப்பெண் தரும் இடங்கள், முதலில் அவற்றை முடியுங்கள்.

ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனபின் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தொகை. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி, வருடாந்தரச் செலவுத் தொகை தனி. ஜேஆர்எஃப் கிடைக்காமல் போனாலும் கதவு மூடிவிடவில்லை. 2024 முதல் நெட்டில் பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் என்று ஒரு தகுதிப் பிரிவு இருக்கிறது. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஒரு வருடம் செல்லும், 70 சதவீத எடை அதற்கும் 30 சதவீதம் நேர்காணலுக்கும்.

பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், மதிப்பெண் 3 வருடம் செல்லும். ஐஐடிகளுக்குப் போக நினைத்தால் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது வழி ப்ராஜெக்டில் சேர்வது. லேப்புகளில் ப்ராஜெக்ட் அசோசியேட் பதவிக்கு வாக்-இன் நேர்காணல் நடக்கும். காரைக்குடி சிஎஸ்ஐஆர்-சிக்ரி மின்வேதியியலுக்கென்றே இருக்கும் தேசிய ஆய்வகம், அதன் அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரு எச்சரிக்கை: ப்ராஜெக்ட் எப்போது முடிகிறது என்று சேரும் முன் கேளுங்கள். ஒன்றரை வருடத்தில் பணம் நிற்கும் ப்ராஜெக்டை நம்பி ஐந்து வருட பிஎச்டிக்குப் பதிவு செய்தால் நடுவழியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

3. கைடைத் தேர்ந்தெடுப்பது

இந்த ஒன்றில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். பெரிய பெயர், நிறையப் பேப்பர் என்று பார்த்துப் போகாதீர்கள். நம் துறை கருவிகளை நம்பிய துறை. காலையில் ஒரு வினையூக்கி தயார் செய்தால் மாலைக்குள் அளந்து பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே நேரில் போய் இவற்றைப் பாருங்கள்:

பொட்டென்ஷியோஸ்டாட் (மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) எத்தனை, அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள்? இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான மின்தடை) அளக்க வசதி உண்டா? ஒளிவினையூக்கத்துக்கு செனான் விளக்கும் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் மீட்டரும் இருக்கின்றனவா, இல்லை மரப்பெட்டிக்குள் ஒரு பல்பா? ஹைட்ரஜன் வேலை என்றால் டிசிடி (வெப்பக் கடத்தலை வைத்து வாயுவைக் கண்டறியும் பகுதி) உள்ள கேஸ் குரோமட்டோகிராஃப் அந்த லேப்பிலேயே ஓடுகிறதா? படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி வளாகத்தில் இருக்கிறதா? டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி), எக்ஸ்பிஎஸ் (மேற்பரப்பில் என்ன தனிமங்கள் என்று காட்டுவது) கட்டணத்தை யார் கட்டுகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாணவர் கைக்காசில் கட்டும் லேப்புகளும் உண்டு.

கைடிடம் இடம் இருக்கிறதா என்பதற்குக் கணக்கு இருக்கிறது. யுஜிசியின் 2022 விதிகளின்படி ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 ஸ்காலர்கள். ஓய்வுபெற 3 வருடத்துக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது.

அவரிடம் முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதையும் கண்டுபிடியுங்கள். சோத்கங்கா தளத்தில் ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றில் பதிவு செய்த தேதியும் சமர்ப்பித்த தேதியும் பெரும்பாலும் இருக்கும். அப்புறம் இப்போது இருக்கும் ஸ்காலர்களோடு பேசுங்கள், லேப்புக்குள் வேண்டாம், வெளியே டீக்கடையில். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்கு யோசித்தார்கள் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

4. பதிவு, காலம், கையில் வேண்டிய பணம்

பிஎச்டிக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 வருடம் நீட்டலாம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2 வருடத் தளர்வு உண்டு. பெண்களுக்கு மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு இருக்கிறது. இதை யாரும் தானாகச் சொல்வதில்லை, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோர்ஸ் ஒர்க் குறைந்தது 12 கிரெடிட். அதை முதல் வருடத்திலேயே முடித்துவிடுங்கள், தள்ளிப்போட்டால் சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) நேரத்தில் வந்து நிற்கும்.

சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களில் சேர்ந்தால் பெரும்பாலும் அக்சிர் என்னும் அகாடமியில் பதிவு, வருடத்துக்கு இரண்டு சேர்க்கை, ஜனவரியிலும் ஆகஸ்டிலும்.

பணம் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டது, அடுத்த மாதமே 37,000 வரும் என்று கணக்குப் போட்டு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சேர்ந்த அறிக்கை, சான்றிதழ் சரிபார்ப்பு, வங்கி விவரம் எல்லாம் போய்த் திரும்பி முதல் தொகை வருவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும், பிறகு மொத்தமாக வரும். அதுவரை தாக்குப்பிடிக்கக் கையில் காசு வேண்டும். சேரும்போது கட்ட வேண்டிய கல்விக் கட்டணம், விடுதி முன்பணம் இரண்டும் இந்த இடைவெளியில்தான் வரும். இரண்டு வருடம் முடிந்ததும் எஸ்ஆர்எஃப் உயர்வுக்கு வெளிநிபுணர் உள்ள குழு முன் வேலையை விளக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதே தாமதமாகும், எனவே மூன்று மாதம் முன்பே கைடிடம் நினைவூட்டுங்கள்.

5. தலைப்பு

புதிதாக வருபவர்கள் விழும் பெரிய குழி இது. ஒரு ஆக்சைடு, ஒரு சல்ஃபைடு, கொஞ்சம் கிராஃபீன், மூன்றையும் கலந்து "புதிய கலவை" என்று ஒரு பெயர். இப்படி எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் வைவாவில் (கடைசி வாய்மொழித் தேர்வில்) "ஏன் இந்த மூன்று?" என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதில் ஒரு கேள்வி கேளுங்கள் என்பது என் கருத்து. பிஸ்மத் வனடேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் கேப் (எலக்ட்ரானை எழுப்பத் தேவையான ஆற்றல்) சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை உறிஞ்சும், ஆனால் அதற்குள் எலக்ட்ரான் நகர்வது மந்தம். ஏன் மந்தம், எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்டால் அதே பொருளை ஒளிவினையூக்கியாகவும் ஒளி ஆனோடாகவும் (வெளிச்சத்தில் வேலை செய்யும் எலக்ட்ரோடாகவும்) வைத்து மூன்று அத்தியாயம் எழுதலாம். மின்வேதியியலும் ஒளிவினையூக்கமும் ஒரே ஆய்வேட்டில் ஒட்டாமல் கிடக்கும் பிரச்சினையும் இதில் தீரும்.

6. மின்வேதியியல் மேசை: முதல் மூன்று மாதம்

புது வினையூக்கியைத் தொடும் முன் கிளாசி கார்பன் எலக்ட்ரோடைத் தேய்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஈரமான பேடில் அலுமினா தூள், 1, பிறகு 0.3, பிறகு 0.05 மைக்ரான் என்று வரிசையாக, எட்டு போடுவது போல, அழுத்தாமல், எலக்ட்ரோடு சாயாமல். ஒவ்வொரு தூளுக்கும் தனிப் பேட். ஒவ்வொரு முறையும் நன்றாகக் கழுவி, சொனிகேட்டரில் சில நொடிகள். முடித்தபின் வெளிச்சத்தில் பார்த்தால் கண்ணாடியாக உங்கள் முகம் தெரிய வேண்டும், மங்கலாகப் புகை படிந்தாற்போல் இருந்தால் மறுபடி. பின்னர் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் சைக்ளிக் வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரையும் சோதனை) ஓட்டுங்கள். ஒரு எலக்ட்ரான் மீளும் வினைக்கு இரு உச்சிகளின் இடைவெளி கோட்பாட்டின்படி சுமார் 59 மில்லிவோல்ட். 70, 80 வந்தால் வேலைக்கு ஆகும். 150-க்கு மேல் வந்தால் உங்கள் பரப்பு சுத்தமில்லை, இல்லையென்றால் இணைப்பில் ஏதோ தளர்ந்திருக்கிறது. இதைத் தினமும் செய்யுங்கள், ஒரு நோட்டில் அந்த எண்ணை எழுதி வையுங்கள்.

ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைப்பதை) நம்பி மோசம் போகிறவர்கள் நிறைய. கடையில் வாங்கியது சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஒன்றை மட்டும் யாரும் தொடாமல் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் தனியே வைத்து, மற்றதையெல்லாம் வாரம் ஒருமுறை அதோடு ஒப்பிடுங்கள், சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒதுக்கிவிடுங்கள். சில்வர்-சில்வர் குளோரைடை 1 மோலார் காரக் கரைசலில் மணிக்கணக்கில் வைக்காதீர்கள், அதற்கு மெர்க்குரி-மெர்க்குரி ஆக்சைடு இருக்கிறது. ஆர்எச்இ (மீளும் ஹைட்ரஜன் எலக்ட்ரோடு) அளவுக்கு மாற்றும்போது, அளந்த மின்னழுத்தத்தோடு 0.059-ஆல் பெருக்கிய பிஎச்சையும் ரெஃபரன்ஸின் மதிப்பையும் கூட்ட வேண்டும், செறிவூட்டிய பொட்டாசியம் குளோரைடு உள்ள சில்வர் எலக்ட்ரோடுக்கு அது 0.197 வோல்ட். பிஎச்சை மீட்டரில் அளந்து போடுங்கள், பாட்டிலின் லேபிளைப் பார்த்துப் போடாதீர்கள்.

ஹைட்ரஜன் வெளியேற்ற வினைக்கு பிளாட்டினம் கவுன்டர் எலக்ட்ரோடு (எதிர்முனை) வேண்டவே வேண்டாம். நீண்ட நேரம் ஓட்டினால் பிளாட்டினம் கரைந்து வந்து உங்கள் வினையூக்கியின் மேல் படியும், ஓட ஓடச் செயல்திறன் ஏறுவது போலத் தெரியும். கிராஃபைட் தண்டு போடுங்கள். இதே போல ஆக்சிஜன் வெளியேற்ற வினைக்கு நிக்கல் பொருட்களைச் சோதிக்கும்போது பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தடயமாக இருக்கும் இரும்பு உள்ளே போய்ச் செயல்திறனைப் பல மடங்கு ஏற்றிவிடும். கரைசலைச் சுத்தம் செய்து ஒரு முறை, செய்யாமல் ஒரு முறை ஓட்டி இரண்டையும் காட்டுங்கள். நிக்கல் ஃபோம் மேல் பூசுகிறீர்கள் என்றால் வெறும் ஃபோமின் அளவீடும் அதே படத்தில் இருக்க வேண்டும். நிக்கலின் ஆக்சிஜனேற்ற உச்சி வரும் இடத்தில் 10 மில்லி ஆம்பியரைப் படித்து "குறைந்த மிகைமின்னழுத்தம்" (அதாவது வினைக்குக் கூடுதலாகத் தர வேண்டிய மின்னழுத்தம் குறைவு) என்று எழுதியிருப்பதைப் பேப்பர்களில் அடிக்கடி பார்க்கலாம், அது வினையூக்கம் அல்ல.

7. ஒளிவினையூக்கம்: நிறம் போனதை நம்பாதீர்கள்

மெத்திலீன் நீலம் 664 நானோமீட்டரில் உறிஞ்சும், மலிவு, எளிது, அதனால் எல்லோரும் அதில் தொடங்குகிறார்கள். தொடங்குவதில் தவறில்லை. அதிலேயே நிற்பதுதான் தவறு. சாயமே வெளிச்சத்தை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குக் கொடுக்கும், அப்போது நிறம் குறைவதைப் பார்த்து உங்கள் பொருள் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் வேலை செய்கிறது என்று சொல்ல முடியாது. சாயம் தூளின் மேல் ஒட்டிக்கொண்டாலும் நிறம் குறையும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் இருட்டில் ஒன்று, வினையூக்கி இல்லாமல் வெளிச்சத்தில் ஒன்று, ஒப்பீட்டுக்கு எல்லாரும் வைக்கும் பி25 டைட்டானியம் டைஆக்சைடோடு ஒன்று என மூன்று கட்டுப்பாட்டுச் சோதனைகள் வேண்டும். இருட்டில் அரை மணி நேரம் கலக்கினால் போதும் என்று எல்லாரும் எழுதுவார்கள். உங்கள் தூளுக்கு எவ்வளவு நேரத்தில் உறிஞ்சல் நிலைக்கு வருகிறது என்று நீங்களே அளந்து பாருங்கள். பிறகு ஃபீனால் போன்ற நிறமில்லாத ஒன்றில் செய்து, டிஓசி (கரைசலில் உள்ள மொத்தக் கரிமக் கார்பன்) அளந்து, கார்பன் உண்மையிலேயே குறைந்ததா என்று காட்டுங்கள்.

விளக்கின் வெப்பத்தால் கரைசல் சூடாகும், எனவே தண்ணீர் ஓடும் ஜாக்கெட் உள்ள பாத்திரம் வேண்டும். 420 நானோமீட்டர் ஃபில்டர் போட்டேன் என்று எழுதினால் அந்த ஃபில்டரை ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். புற ஊதா விளக்கு என்றால் கண்ணுக்குக் கண்ணாடி, காற்றோட்டத்துக்கு ஹூட். வாட்ச்மேனுக்கும் தெரியும்படி கதவில் எழுதி ஒட்டுங்கள்.

நைட்ரஜனிலிருந்து அமோனியா என்ற தலைப்பு கவர்ச்சியாக இருக்கும். காற்றிலும் கையுறையிலும் கரைசலிலும் உள்ள அமோனியாவே நீங்கள் அளக்கும் அளவுக்கு வந்துவிடும். அமோனியா உங்கள் நைட்ரஜனிலிருந்துதான் வந்தது என்று காட்ட நைட்ரஜன்-15 ஐசோடோப்பு வேண்டும், அதை வாங்கக் காசு இல்லையென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

8. வெளியே சாம்பிள் அனுப்புவது

ஐஐடி மெட்ராஸ் உள்ளிட்ட இடங்களில் உள்ள சைஃப் (பொதுக் கருவி) மையங்களும் ஐ-ஸ்டெம் தளத்தில் பதிவான கருவிகளும் வெளியாருக்குத் திறந்திருக்கின்றன. எக்ஸ்ஆர்டி பெரும்பாலும் நூறுகளில் முடியும், எக்ஸ்பிஎஸ்ஸும் ஹெச்ஆர்-டெம்மும் ஆயிரங்களில், அதோடு ஜிஎஸ்டி. காத்திருக்கும் நேரம் வாரக்கணக்கில், கருவி பழுதானால் மாதக்கணக்கில். எனவே ரெவ்யூவர் கேட்ட பிறகு அனுப்பலாம் என்று இருக்காதீர்கள், திருத்தம் கொடுக்கத் தரும் கெடு அதற்குள் முடிந்துவிடும். முன்பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், செலவுத் தொகையில் திரும்பப் பெற அதுதான் ஆதாரம். படத்தை மட்டும் வாங்கிவராமல் மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பிஎஸ்ஸில் கார்பன் உச்சியை 284.8-இல் வைத்துச் சரிசெய்திருக்கிறார்களா என்று அங்கேயே கேளுங்கள்.

9. பேப்பர் எழுதுவது

உங்கள் பெயரை எப்படி அச்சிடுவது என்று முதல் பேப்பருக்கு முன் முடிவு செய்யுங்கள். இனிஷியலை விரிவாக்குவதா, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைப்பதா, எதுவானாலும் ஒன்றே ஒன்று, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிற மாதிரி. ஆர்சிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) இலவசம், அன்றே எடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாறினாலும் அந்த எண் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும்.

"இரண்டே வாரத்தில் அச்சாகும்" என்று மெயில் வரும் இதழ்களைத் திறக்கவே வேண்டாம். யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட நாம் கட்டும் திறந்த அணுக்கக் கட்டணம் லட்சங்களைத் தொடும், ஆனால் நம் துறையின் நல்ல இதழ்கள் பலவற்றில் கட்டணமே இல்லாமல் வெளியிடலாம், சந்தா முறையைத் தேர்ந்தெடுத்தால் போதும். 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குப் ஆயிரக்கணக்கான இதழ்களைப் படிக்க வழி வந்திருக்கிறது, உங்கள் நூலகரிடம் கேளுங்கள். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை யுஜிசி விதியில் தண்டனை இல்லை, அதற்கு மேல் போனால் நிலை நிலையாக நடவடிக்கை. பேப்பர் கட்டாயம் என்பதை 2022 விதிகள் எடுத்துவிட்டாலும் பல பல்கலைக்கழகங்கள் சொந்த விதியில் இன்னும் கேட்கின்றன, பதிவு செய்த நாளின் விதிப் புத்தகத்தைப் பிரதி எடுத்து வையுங்கள்.

10. போஸ்ட்டாக்

போஸ்ட்டாக் என்பது பிஎச்டிக்குப் பின் செய்யும் தற்காலிக ஆய்வுப் பணி. வைவா முடிந்த பிறகு அதைத் தேடத் தொடங்கினால் ஆறு மாதம், ஒரு வருடம் சும்மா இருக்க நேரிடும். சினாப்சிஸ் கொடுக்கும்போதே தொடங்குங்கள். ஜெர்மனியின் ஹும்போல்ட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ், ஐரோப்பாவின் மேரி கியூரி மூன்றிலும் வெளிநாட்டுப் பேராசிரியர் முதலில் உங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும், அதற்கே சில மாதம் வேண்டும். மேரி கியூரி வழக்கமாக செப்டம்பரில் மூடும், அப்படியென்றால் ஏப்ரல், மே மாதத்தில் மெயில் போக வேண்டும். மெயிலில் உங்கள் எல்லாப் பேப்பரையும் இணைக்காதீர்கள். அவர் செய்த ஒரு அளவீட்டைக் குறிப்பிட்டு, உங்களால் அங்கே என்ன கூட்ட முடியும் என்று பத்து வரிக்குள் எழுதுங்கள். உள்நாட்டில், ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அரசின் ஏஎன்ஆர்எஃப்பின் தேசிய போஸ்ட்டாக் திட்டம் இருக்கிறது.

விசாவுக்கு புரொவிஷனல் பிஎச்டி சான்றிதழ், காவல்துறைச் சான்று, சில நாடுகளுக்கு, ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரை கேட்பார்கள். அப்போஸ்டிலுக்கு முன் மாநில அரசின் சரிபார்ப்பு நடக்க வேண்டும், பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைக் கடிதம் வருவதற்குத்தான் அதிக நாள் ஆகும். வைவா முடிந்த வாரமே அந்தக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.